ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒட்டின எலும்பு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை வெட்டி, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)



கையோ காலோ முறிஞ்சு, கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தா நம்ம ஊர்ல என்னென்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். முதல் நாள் ஆட்டுக்கால் சூப். ரெண்டாம் நாள் பிரண்டைத் துவையல். மூணாம் நாள் யாராவது ஒரு சொந்தக்காரர் வந்து உட்கார்ந்து, "எதுக்கு மாவுக்கட்டு? புத்தூர் கட்டு போட்டிருக்கலாமே"ன்னு ஆரம்பிப்பார்.

போன வருஷம் ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து எனக்கு மணிக்கட்டு முறிஞ்சப்போ, இது எல்லாத்தோடயும் இன்னொண்ணும் வந்தது. ஒரு மாத்திரை டப்பா. கூட வேலை பார்க்கிற நண்பர் வாங்கிட்டு வந்தார். "வைட்டமின் சி-யும் ஈ-யும் சேர்ந்தது. ஆன்டிஆக்சிடென்ட். தினமும் போடு, எலும்பு சீக்கிரம் ஒட்டிக்கும்" என்றார். சரின்னு வாங்கி வெச்சுட்டேன். ஆறு வாரம் வீட்ல சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துல, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். தேடப் போன இடம் கிட்டத்தட்ட 280 வருஷத்துக்குப் பின்னால, கேப் ஹார்ன் பக்கத்துல தத்தளிச்ச ஒரு போர்க்கப்பல்ல கொண்டுபோய் விட்டது.

கப்பலில் ஏற்றப்பட்ட கிழவர்கள்

1740. இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர். பசிபிக் கடலில் இருக்கும் ஸ்பெயினின் துறைமுகங்களையும் புதையல் கப்பல்களையும் தாக்கணும்னு ஜார்ஜ் ஆன்சன் என்கிற தளபதியை அனுப்புகிறார்கள். ஆறு போர்க்கப்பல்கள், சாமான் ஏற்றிய இரண்டு சின்னக் கப்பல்கள், சுமார் 1,900 பேர்.

அதற்கு வேண்டிய படைவீரர்கள் கிடைக்கவில்லை. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? லண்டனில் செல்சி மருத்துவமனையின் பென்ஷன் பட்டியலில் இருந்த 500 முன்னாள் சிப்பாய்களைக் கப்பலில் ஏற உத்தரவு போட்டது. காயம்பட்டவர்கள், நோயாளிகள், பலர் 60 வயதைத் தாண்டியவர்கள். உத்தரவைக் கேட்டதும், நடக்க முடிந்தவர்கள் எல்லாம் ஓடிப்போய்விட்டார்கள். ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட 259 பேர்தான் கப்பல் ஏறினார்கள்.

1741 மார்ச், ஏப்ரல். தென் அமெரிக்காவின் தெற்கு முனையான கேப் ஹார்னைச் சுற்றிப் போகும்போது புயல் மேல் புயல். மாசக்கணக்கில் காய்ஞ்ச ரொட்டியும் உப்புக்கறியும் மட்டும்தான் சாப்பாடு. ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கி, பல் ஆடி, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி, எழுந்து நின்ற மனிதன் அப்படியே விழுந்து செத்தான். பயணம் முடியும்போது 1,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் நோயால். எதிரியின் குண்டால் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆன்சனின் கப்பல் பேரு செஞ்சூரியன். அதில் பாதிரியாராக இருந்தவர் ரிச்சர்ட் வால்ட்டர். அவர் பேரில் 1748-ல் இந்தப் பயணத்தின் வரலாறு புத்தகமாக வந்தது. அதில் ஒரு விஷயத்தை, நம்பவே முடியலை என்கிற தொனியில் பதிவு பண்ணியிருக்கிறார். கப்பலில் இருந்த ஒரு வயசான சிப்பாய், 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் காயம்பட்டவர். அதாவது ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி. காயம் அப்பவே ஆறிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு வாழ்க்கையே வாழ்ந்துட்டார். ஸ்கர்வி முற்றினதும் அந்தப் பழைய காயங்கள் என்றுமே ஆறாதது மாதிரி மறுபடி திறந்துக்கிச்சு. அதைவிட ஆச்சரியம், எப்பவோ முறிந்து ஒட்டின எலும்பும் விட்டுப்போச்சு. எலும்பு ஒட்டும்போது முறிவைச் சுற்றி ஒரு புதுத் திசு வளருமே, டாக்டர்கள் கேலஸ் என்று சொல்வது, அது கரைந்துபோய், நேற்றுதான் முறிந்தது போல ஆகிவிட்டது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எலும்பு ஒட்டிடுச்சுன்னா கதை முடிஞ்சதுன்னுதானே நாம நினைக்கிறோம்? அந்தக் கிழவரோட உடம்பு வேற ஒண்ணைச் சொல்லுது. எலும்பு ஒரு தடவை ஒட்டி முடிகிற பொருள் கிடையாது. அதை உடம்பு ஒவ்வொரு நாளும் உடைத்துப் புதுசாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களின் எலும்பில் சுமார் 10 சதவீதம் வருஷா வருஷம் புதுசாக மாறுகிறது. அந்தக் கட்டுமான வேலைக்கு ஏதோ ஒரு சாமான் வராமல் போனால், பழைய கட்டடமும் ஆட்டம் காணும். என்ன சாமான் அது என்பதுதான் அடுத்த இருநூறு வருஷத்துக் கேள்வி.

பதில் கையில் இருந்தும் நழுவிய கதை

ஆன்சன் 1744-ல் ஊர் திரும்பினார். மூணு வருஷம் கழித்து, 1747 மே மாதம், சாலிஸ்பரி என்கிற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். ஸ்கர்வி வந்த 12 பேர். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து: ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல் தண்ணி, பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த லேகியம், கடைசி ரெண்டு பேருக்குத் தினமும் ரெண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துபோச்சு. ஆனால் அதற்குள் பழம் சாப்பிட்டவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயாராகிவிட்டார்.

1753-ல் லிண்ட் இதைப் புத்தகமாகப் போட்டு, அதை ஆன்சனுக்கே சமர்ப்பணம் செய்தார். அத்தோடு பிரச்சினை தீர்ந்திருக்கணும், இல்லையா? தீரலை. லிண்டுக்கே தன் கண்ணால் பார்த்ததன் முழு அர்த்தம் பிடிபடவில்லை. பழம் கெடாமல் இருக்க, சாற்றைச் சூடுபண்ணிச் சுண்டவைத்துப் பாட்டிலில் அடைக்கச் சொன்னார். சூட்டில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். அந்தச் சோதனை நடந்து 48 வருஷம் கழித்து.

அப்புறமும் ஒரு சறுக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மத்தியதரைக்கடல் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த லைம் சாற்றுக்கு மாறினார்கள். ரெண்டுமே புளிப்புதானே என்று நினைத்தார்கள். ஆனால் சத்து குறைவு. 1875-ல் ஆர்க்டிக் போன குழுவில் திரும்பவும் ஸ்கர்வி.

புளிப்பு முக்கியம் இல்லை. பழத்துக்குள்ள இருக்கிற வேற ஏதோ ஒண்ணுதான் முக்கியம். இது புரிவதற்கு விஷயம் கப்பலில் இருந்து இறங்கி, குழந்தைகளின் தொட்டிலுக்கு வரவேண்டியிருந்தது.

தொட்டால் அழுகிற குழந்தைகள்

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனை. 1880களில் அங்கே வேலை பார்த்த தாமஸ் பார்லோ ஒரு புதிரான விஷயத்தைக் கவனித்தார். சில குழந்தைகள் காலை அசைக்காமல் படுத்திருக்கின்றன. காலைத் தொட யாராவது கிட்ட வந்தாலே அலறுகின்றன. ரிக்கெட்ஸ் என்று சொல்லி மற்ற டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். பார்லோ இறந்துபோன குழந்தைகளின் எலும்பைப் பரிசோதித்தார். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கிடந்தது. வளர்கிற முனையில் எலும்பு பொடிப்பொடியாக இருந்தது.

1883-ல் அவர் சொன்ன முடிவு: இது ஸ்கர்வி. குழந்தைகளுக்கு வருகிற ஸ்கர்வி.

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், இது ஏழைகளை மட்டும் தாக்கிய நோய் இல்லை. வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கும் நிறைய வந்தது. காரணம், தாய்ப்பாலுக்குப் பதிலாக டின்னில் வந்த கெட்டிப்பாலும், கடையில் விற்ற குழந்தை மாவும். காசு கொடுத்து வாங்கின "சத்துணவு". அதில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. வளரும் குழந்தைக்கு எலும்பு தினமும் நீளணும். அதனால் பெரியவர்களுக்கு ஈறிலும் தோலிலும் தெரிகிற நோய், குழந்தைகளுக்கு முதலில் எலும்பில் தெரிந்தது.

1907-ல் நார்வேயைச் சேர்ந்த ஆக்சல் ஹோல்ஸ்ட், தியடோர் ஃப்ரோலிச் என்கிற ரெண்டு பேர் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது வேற நோய். கிடைத்தது ஸ்கர்வி. இது பெரிய அதிர்ஷ்டம். ஏன்னா எலி, நாய், ஆடு, மாடு எல்லாம் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யை உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். அதைச் செய்கிற மரபணு பழுதாகிப் போனவை சில விலங்குகள்தான். கினிப் பன்றி ஒண்ணு. குரங்குகளில் பல வகை. அப்புறம் நாம. எலியை வைத்துச் சோதித்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் இழுத்திருக்குமோ.

1920களில் அமெரிக்காவில் ஹார்வர்டின் பர்ட் வோல்பாக் இதே கினிப் பன்றிகளின் எலும்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஸ்கர்வி வந்த எலும்பில் செல்கள் சாகவில்லை. இருக்கின்றன, பெருகவும் செய்கின்றன. ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கவேண்டிய பொருள் உருவாகவில்லை.

நம்ம ஊர்ல வீடு கட்டுறதை வெச்சுச் சொன்னா சுலபமாப் புரியும். கான்கிரீட் தூண் எப்படி நிக்குது? உள்ளே கம்பி, சுத்தி ஜல்லியும் சிமென்ட்டும். எலும்பும் அப்படித்தான். கால்சியம்தான் சிமென்ட். கம்பி என்பது கொலாஜன் என்கிற புரதம். சிமென்ட்டைப் பத்தி எல்லா விளம்பரமும் பேசும், கம்பியைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. வோல்பாக் பார்த்தது, ஆட்கள் எல்லாரும் வேலைக்கு வந்திருக்காங்க, ஆனா சைட்ல கம்பி இல்லை. அந்த விலங்குக்கு ஆரஞ்சுச் சாறு கொடுத்ததும் சீக்கிரத்திலேயே கொலாஜன் நார்கள் தலைகாட்டின.

பழுக்காத கேள்வி: வாழைப்பழம் ஏன் கறுக்குது?

இப்போ கதை திடீர்னு வேற ஊருக்குப் போகுது. காரணம் இருக்கு, பொறுங்க.

ஹங்கேரியைச் சேர்ந்த ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜிக்கு ஸ்கர்வியில் ஆர்வமே இல்லை. அவர் கேட்டது வேறு கேள்வி. வாழைப்பழம் அடிபட்டால் கறுக்கிறது. ஆரஞ்சு ஏன் கறுப்பதில்லை? ஆக்சிஜன் பட்டு நடக்கும் அந்த மாற்றத்தை ஏதோ ஒண்ணு தடுக்கிறது. அந்த "ஏதோ ஒண்ணை" 1928-ல் அவர் தனியாகப் பிரித்தெடுத்தார். என்ன பொருள் என்று தெரியாததால், ஆங்கிலத்தில் "எனக்குத் தெரியாது" என்று அர்த்தம் வருகிற மாதிரி விளையாட்டாகப் பேர் வைக்கப் பார்த்தார். பத்திரிகை ஆசிரியர் ஒத்துக்கவில்லை. அடுத்ததாக "கடவுளுக்குத்தான் தெரியும்" என்கிற மாதிரி ஒரு பேர் கொடுத்தார். அதுவும் போணியாகவில்லை.

1932 வாக்கில், அது வேற எதுவும் இல்லை, எல்லாரும் தேடிக்கிட்டிருந்த வைட்டமின் சி-தான் என்று தெளிவானது. அமெரிக்காவில் சார்லஸ் கிங்கின் குழுவும் அதே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தது. சென்ட் ஜார்ஜி தன் ஊரான செகெடில் மலிவாகக் கிடைத்த சிவப்புக் குடமிளகாயில் இருந்து அதைக் கிலோக்கணக்கில் எடுத்தார். 1937-ல் நோபல் பரிசு.

ரெண்டு பாதை இங்கே வந்து சேருது, கவனிச்சீங்களா? ஒரு பாதை விட்டுப்போன எலும்பில் இருந்து வருது. இன்னொண்ணு கறுக்காத பழத்தில் இருந்து வருது. ஆக்சிஜனால் வரும் கெடுதலைத் தடுக்கும் பொருளை இன்னைக்கு ஆன்டிஆக்சிடென்ட் என்று சொல்கிறோம். அந்தக் குணத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்பது 1960களில்தான் விளங்கியது.

கொலாஜன் மூணு இழை சேர்ந்த பின்னல். சடை பின்னுகிற மாதிரி. பின்னலை மட்டும் போட்டு விட்டால் அவிழ்ந்துவிடும், கிளிப் மாட்டணும். இழைகளில் அந்தக் கிளிப்பை மாட்டுகிற ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியின் நடுவில் ஒரே ஒரு இரும்பு அணு. வேலை செய்யும்போது அந்த இரும்பு அவ்வப்போது ஆக்சிஜனால் கெட்டு, துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். நொதி நின்றுபோகும். அந்தத் துருவைத் துடைத்து மறுபடி ஓடவைப்பது வைட்டமின் சி. பழத்தைக் கறுக்காமல் காப்பாற்றுகிற அதே குணம்.

கிளிப் இல்லாத கொலாஜன் சுமார் 24 டிகிரி சூட்டிலேயே பிரிந்துவிடும். நம்ம உடம்பு 37 டிகிரி. அந்தக் கிழவரின் எலும்பில் நடந்தது இதுதான். பழைய கம்பி தேய்ந்துகொண்டே இருந்தது, புதுசாக வந்த கம்பி உடம்புச் சூட்டில் நிற்கவே இல்லை.

இதில் ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும். துரு துடைக்க ஒரு துணி வேணும். பத்துத் துணி கொடுத்தா பத்து மடங்கு வேகமா வேலை நடக்காது.

தன்னையே வெட்டிக்கொண்ட டாக்டர்

எவ்வளவு வேணும்னு தெரியணும் இல்லையா? 1939-ல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் சர்ஜன் தன்னையே சோதனைப் பொருளாக்கினார். ஆறு மாசம் பழமும் காய்கறியும் அறவே இல்லாத சாப்பாடு, மத்த வைட்டமின்கள் மட்டும் தனியாக. மூணாவது மாசம் முதுகில் கீறச் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் சி ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தும் காயம் ஒழுங்காக ஆறியது. உடம்பின் சேமிப்பு அவ்வளவு சீக்கிரம் முழுசாகத் தீர்வதில்லை. ஆறாவது மாசம் மறுபடி கீறினார்கள். இந்த முறை மேல்தோல் மூடியதே தவிர, உள்ளே காயம் கூடவே இல்லை. வைட்டமின் சி ஊசி போட்டதும் சில நாளில் கூட ஆரம்பித்தது.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் தலைமையில் இன்னொரு சோதனை. போரில் சேர மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தவர்கள், "துப்பாக்கி தூக்க மாட்டோம், ஆனா வேற விதத்துல உதவுறோம்" என்று தாங்களாக முன்வந்தார்கள். 20 பேர். பத்துப் பேருக்கு வைட்டமின் சி கிடையாது. அந்தப் பத்துப் பேருக்கும் சில மாசத்தில் ஸ்கர்வி அறிகுறிகள் வந்தன. மற்றவர்களில் தினமும் வெறும் 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குக்கூட எதுவும் வரவில்லை.

10 மில்லிகிராம். ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு சின்னத் துண்டு. ஸ்கர்வியைத் தடுக்க அவ்வளவு போதும். சேமிப்புக்கும் சேர்த்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன அளவு ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம்.

இந்த இடத்துல நம்ம குன்னூரைச் சொல்லாம போக முடியாது. ராபர்ட் மக்காரிசன் அங்கே தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1930களில் ஆய்க்ராய்ட் இயக்குநரானார். இந்திய உணவுகளில் என்னென்ன சத்து இருக்கிறது என்ற அட்டவணையை அங்கிருந்துதான் 1937-ல் வெளியிட்டார்கள். நெல்லிக்காய்க்கு இவ்வளவு பெரிய பேர் வந்ததில் அந்த ஆய்வகத்துக்கும் பங்கு உண்டு. 100 கிராமில் 600 மில்லிகிராம் என்று இன்றைக்கும் எல்லாரும் சொல்வது அந்தப் பழைய அட்டவணை மரபில் வந்த எண்தான். 2017-ல் வந்த புது அட்டவணையில் அது சுமார் 250. குறைஞ்சாலும் ஒரு நெல்லிக்காய் ஒரு நாளைக்குத் தாராளம். 1939-40-ல் ஹிஸார் பக்கம் பஞ்சம் வந்து ஸ்கர்வி பரவியபோது, மக்களுக்கு மருந்தாகக் கொடுத்தது நெல்லிக்காயைத்தான்.

போதும் என்பதில் இருந்து, நிறைய என்பதற்கு

அப்போ தினமும் 500, 1,000 மில்லிகிராம் மாத்திரை எங்கிருந்து வந்தது?

1956-ல் டென்ஹாம் ஹார்மன், உடம்பு மூப்படைவதே ஆக்சிஜனில் இருந்து பிறக்கும் கட்டுப்பாடில்லாத மூலக்கூறுகளால்தான் என்றொரு கோட்பாட்டை முன்வைத்தார். 1970-ல் லைனஸ் பாலிங், ரெண்டு நோபல் பரிசு வாங்கினவர், சளிக்கு வைட்டமின் சி-யை அள்ளி அள்ளிச் சாப்பிடுங்கள் என்று புத்தகம் எழுதினார். ஆன்டிஆக்சிடென்ட் என்பது வேதியியல் வார்த்தையாக இருந்து, டப்பா மேல அச்சடிக்கிற வார்த்தையாக மாறிடுச்சு.

1994-ல் ஒரு அடி விழுந்தது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. காய்கறியில் இருக்கும்போது நல்லது செய்கிற பொருள், மாத்திரையில் செறிவாக வந்தால் அதையே செய்யும் என்று நம்ப முடியாது.

எலும்பிலும் அதே பாடம்தான். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, வெள்ளை அணுக்கள் குவிந்து, அங்கே ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்குதல் அதிகமாக இருக்கும். அதனால் ஆன்டிஆக்சிடென்ட் கொடுத்தால் சீக்கிரம் ஒட்டும் என்று எதிர்பார்த்தார்கள். விலங்குச் சோதனைகள் சிலவற்றில் வைட்டமின் சி-யும் ஈ-யும் உதவுகிற மாதிரித் தெரிந்தது. ஆனால் 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நிறைய வைட்டமின் ஈ கொடுத்த எலிகளில் எலும்பைக் கரைக்கும் செல்கள் பெரிதாகி, எலும்பு குறைந்ததாகச் சொன்னார்கள். அதற்கு மறுப்பும் வந்தது, சண்டை இன்னும் ஓயவில்லை. வைட்டமின் ஏ விஷயத்தில், ரெட்டினால் வடிவில் ரொம்ப அதிகமாக எடுத்துக்கொண்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு அதிகம் என்று ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின. கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு அந்தக் குற்றச்சாட்டு இல்லை.

மனிதர்களிடம், அதுவும் என்னை மாதிரி மணிக்கட்டு முறிந்தவர்களிடம் நடந்த சோதனை? இருக்கு. 1999-ல் நெதர்லாந்தில் 123 பேர். 50 நாள், தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி. பார்த்தது எலும்பு ஒட்டும் வேகத்தை இல்லை. முறிவுக்கு அப்புறம் சிலருக்குக் கை வீங்கி, எரிந்து, மாசக்கணக்கில் வலிக்கும் ஒரு கோளாறு வரும், அதைத்தான். மாத்திரை சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்கும், சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கும் அது வந்தது. 2007-ல் அதே குழு செய்த இன்னொரு சோதனையிலும் நல்ல முடிவு. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கமே பரிந்துரைத்தது. ஆனால் 2014-ல் எடின்பரோவில் 336 பேரிடம் அதே அளவைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலியிலும் வித்தியாசம் இல்லை, எலும்பு ஒட்டும் வேகத்திலும் வித்தியாசம் இல்லை.

கம்பி போதுமான அளவு வந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு, வாசலில் இன்னும் ஒரு லாரி கம்பி கொட்டினால் தளம் சீக்கிரம் காயாது. அவ்வளவுதான் விஷயம்.

அப்போ யாருக்கு வேணும்?

இந்த எபிசோடை இதோட முடிச்சிருந்தா, "மாத்திரை வேஸ்ட், பழம் சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா படிக்கும்போது கண்ணில் பட்ட ஒரு எண் என்னை நிறுத்திடுச்சு.

2011-ல் வெளியான ஓர் ஆய்வு. இந்தியாவில் வடக்கில் ஒரு இடம், தெற்கில் ஒரு இடம். 60 வயதைத் தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வடக்கில் 74 சதவீதம் பேருக்கு வைட்டமின் சி குறைபாடு. தெற்கில் 46 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு பேரில் ஒருத்தர். புகையிலை பழக்கம், மெலிந்த உடம்பு, விறகு அடுப்புப் புகை இதெல்லாம் இருந்த இடத்தில் குறைபாடு இன்னும் அதிகம். இவர்கள் எல்லாருக்கும் ஸ்கர்வி இல்லை. ஆனால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும் வயதும் இதே வயதுதான்.

நம்ம வீட்டையே எடுத்துக்கோங்க. பல் இல்லைன்னு கொய்யா கடிக்க மாட்டாங்க. சளி பிடிக்கும்னு ஆரஞ்சைத் தொட மாட்டாங்க. காலைல இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. காய் இருந்தாலும் நல்லா வெந்து குழைஞ்சிருக்கும், சூட்டில் பாதிச் சத்து போயிருக்கும். இன்னொரு பக்கம், பிஸ்கட்டும் சிப்ஸும் தவிர வேற எதையும் வாயில் வைக்காத குழந்தைகள். கால் வலிக்குதுன்னு நடக்க மறுத்து, எத்தனையோ ஸ்கேன் எடுத்த பிறகு கடைசியில் ஸ்கர்வி என்று கண்டுபிடித்த சம்பவங்கள் இன்றைக்கும் மருத்துவ இதழ்களில் வருகின்றன. பார்லோ பார்த்த அதே குழந்தைகள்தான், 140 வருஷம் கழிச்சு.

என் மணிக்கட்டு ஆறு வாரத்தில் ஒட்டிடுச்சு. எனக்கு 30 வயசு, தினமும் ஏதாவது பழம் சாப்பிடுறவன், மாத்திரை இல்லாமலும் ஒட்டியிருக்கும். அந்த டப்பாவைத் திறந்தது ஒரு வாரம்தான். ஆனா அதே நேரத்துல, ஊர்ல தனியா இருக்கிற என் அம்மாச்சிக்குப் போன் போட்டு "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேட்டேன். "கஞ்சியும் ஊறுகாயும்"னு சொன்னாங்க. நேத்து? "அதேதான்ப்பா." பழம்? "எனக்கு எதுக்குப் பழம், அது சின்னப் பிள்ளைங்க சாப்பிடுறது."

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நல்லாப் பழுத்த கொய்யா வாங்கி, விதையை எடுத்து, மசிச்சுக் கொடுத்தேன். ஒரு கிண்ணம் காலி. இப்போ பக்கத்து வீட்டு அக்கா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை வாங்கிக் கொடுத்துடறாங்க. ஆட்டுக்கால் சூப் வைக்கிறப்போ, அடுப்பை அணைச்ச பிறகு எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லியிருக்கேன். சூப்பில் கொலாஜன் இருக்கு, ஆனா வைட்டமின் சி எலுமிச்சையில்தான் இருக்கு.

ஒரு சின்ன எச்சரிக்கையோட முடிக்கிறேன். எலும்பு முறிந்தவர்கள் இதைக் கேட்டுட்டு மருந்தை மாத்திக்காதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க. அதிக அளவு வைட்டமின் சி சிலருக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பைக் கூட்டும்.

செஞ்சூரியன் கப்பலில் இருந்த அந்தச் சிப்பாயின் பேர் புத்தகத்தில் இல்லை. யாரும் கேட்டு எழுதவில்லை போல. ஓட முடியாமல் மாட்டிக்கொண்டு கப்பல் ஏற்றப்பட்ட ஒரு கிழவர், அவ்வளவுதான் தெரியும். அவர் உடம்பில் ஐம்பது வருஷம் கழித்து விட்டுப்போன ஒரு எலும்பால்தான் இந்த எபிசோடே வந்தது. இன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்ல இருக்கிற பெரியவங்க கிட்ட, என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.